பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா?

எங்கள் ஆலயத்தில் அறுப்புப் பண்டிகையன்று முதல் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தாரே என் பிறந்த ஊர்த் தொகுதி சட்டசபை மெம்பர், அப்போது பாடகர்கள் பாடிக்கொண்டிருந்தது தன்னுடைய பேச்சுதான் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? மூன்று வருஷமாக யோசிக்கிறேன். துணி துவைக்கும்போது தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. அதையே கொடியில் உலர்த்தும்போது தெரிந்திருக்காது என்று தோன்றுகிறது.

நான் சித்தூரில் இருக்கிறேன். என் கணவர் இங்கே மிஷன் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். என் பிறந்த வீடு நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இதெல்லாம் நடந்தது ஆந்திர ராஜ்யம் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். எந்தக் கிராமம் இந்தப் பக்கம், எந்தக் கிராமம் அந்தப் பக்கம் என்று முடிவாகவில்லை. கல்யாணத்துக்குப் போனாலும் அதே பேச்சு, துக்கத்துக்குப் போனாலும் அதே பேச்சு. பஸ்ஸில் ஒரு கண்டக்டர், "சீக்கிரம் ஏறும்மா, நீ இறங்கறதுக்குள்ள உங்க ஊரு மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் பூடப் போவுது" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் இடுப்பிலிருந்த குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எதற்குப் பிடித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது என் சுபாவம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. நான் படித்தது மிஷன் பெண்கள் விடுதியில். அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை ஒவ்வொரு பெண்ணும் எழுதிக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை முதல் மணியில் டீச்சரம்மா நோட்டை வாங்கிப் பார்ப்பார்கள். பிரசங்கி ஓடுகிற ஓட்டத்துக்கு நம் கை ஓடாது. அதனால் மூத்த பெண்கள் எங்களுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிரசங்கி எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே வரியை நிறுத்திவிடு. அடுத்த மூச்சுக்கு அடுத்த வரி. அப்படி எழுதினால் ஒரு வரி விட்டுப்போனாலும் அடுத்த வரியில் பிடித்துக்கொள்ளலாம். எட்டு வருஷம் அப்படி எழுதினேன். யார் பேசினாலும் மூச்சுக்கு ஒரு வரியாக எழுத மட்டுமே என் கைக்குத் தெரியும்.

குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும்போது பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வாரம்தான் மெம்பர் எங்கள் கிராமத்துக்கு வந்தார். என் அண்ணன் அவர் கட்சியில் கொடி பிடிப்பது முதல் மைக்செட் கட்டுவது வரை எல்லாம் செய்பவன். காலையிலேயே வந்து நின்றான்.

"தங்கச்சி, நீ ஆஸ்டல்ல பிரசங்கமெல்லாம் எய்துவியே. இன்னிக்கி மெம்பர் பேச்ச எய்திக் குடு."

"கொயந்தைய வச்சிக்கினு எப்டி அண்ணே எய்தறது?"

"மடியில வச்சிக்கினு எய்து. மெட்ராஸ் பேப்பர்க்காரன் ஒண்ணு போட்றான், தெலுங்கு பேப்பர்க்காரன் ஒண்ணு போட்றான். நாம இன்னா பேசினோம்னு நம்மகிட்டயே ஒரு காகிதம் இல்ல."

"தப்பா எய்திட்டன்னா?"

"அவரே தப்பாத்தான் பேசுவாரு. நீ எய்து."

ஏரிக்கரைப் புளியமரத்தடியில் சாயங்காலம் கூட்டம். என் கணவரின் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையை ஒரு தொடையில் உட்கார வைத்து, அதன் கையில் ஒரு பென்சில், என் கையில் ஒரு பென்சில் என்று உட்கார்ந்தேன்.

மெம்பர் தெலுங்குக்காரர். தெலுங்கில் அவர் பேச ஆரம்பித்தால் மதகு திறந்தது போலத்தான். மூச்சு வாங்குவதாகவே தெரியாது. நான் நாலு வரி எழுதுவதற்குள் அவர் நாற்பது வரி போய்விட்டார். கூட்டத்தில் பாதிப்பேர் தமிழ்க்காரர்கள். யாரோ எழுந்து, "தமில்ல பேசுங்க சாமி!" என்று கத்தினார்கள்.

அவர் ஒரு நிமிஷம் நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு தமிழில் பேசினார்.

அவருக்குத் தமிழ் வராது என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் இரண்டும் வராது? ஆனால் மேடையில் பேசும் தமிழ் அவரிடம் இல்லை. சந்தையில், வயலில், பஸ்ஸில் பேசுகிற தமிழ்தான் இருந்தது. அலங்காரம் செய்யச் சொல் கிடைக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லுவார், நிறுத்துவார், அடுத்ததைத் தேடுவார். நடுவில் மைக்செட்டும் கரகரவென்று தகராறு செய்துகொண்டிருந்தது. அதைத் தட்டித் தட்டி, "பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்குதா?" என்று கேட்பார். எல்லோரும், "கேக்குது!" என்பார்கள். என் மடியிலிருந்த குழந்தைக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. மூன்றாவது முறை எல்லோருக்கும் முன்னால் அதுவே, "கேக்குது!" என்றது.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் விடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும் சாமி. ஏரி மதகு எந்தப் பக்கம் போவுது, அத்தச் சொல்லு."

மெம்பர் அவரையே பார்த்தார். "எனக்குத் தெரியாது" என்றார்.

ஓர் அரசியல்வாதி மைக்கின் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லி அதுவரை நாங்கள் கேட்டதில்லை.

"தெரியாதுன்னு சொல்லத்தான் இத்தினி தூரம் வந்தேன்" என்று முடித்துவிட்டு, சோடா வாங்கிக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் எழுதியதை அண்ணன் பார்த்தான்.

"இன்னா இது? மளிகைக் கடைச் சீட்டு மாதிரி ஒண்ணுக்குக் கீய ஒண்ணு எய்திக்கீற?"

"எங்களுக்கு அப்டித்தான் பயக்கம்."

"சேத்து எய்துமே. படிக்கிறவன் இவரு இட்லிக்கு அரிசி வாங்க வந்தாருன்னு நெனச்சிக்கப் போறான்."

அவனுக்காக எல்லாவற்றையும் பத்தியாகச் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது ஆச்சரியமாக இருந்தது. சேர்த்து எழுதியதும் அது சாதாரண மேடைப் பேச்சாகிவிட்டது. அதிலும் கொஞ்சம் மோசமான மேடைப் பேச்சு. பழைய தாளை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். அங்கே அது வேறாக இருந்தது. அண்ணன் போன பிறகு அதில் ஒரு பகுதியை மட்டும் சுத்தமாக ஒரு தாளில் எழுதினேன். வணக்கம், சாலை போட்டுத் தருகிற வாக்குறுதி, போன எலெக்‌ஷன் கதை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். பேச்சுத் தமிழைப் புத்தகத் தமிழாக்கினேன். வேறு எதையும் சேர்க்கவில்லை. சேர்க்கவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா?
கோடு போடுகிறார்கள்.
போடட்டும்.
கோடு காகிதத்தில் இருக்கிறது.
மழை காகிதத்தில் இல்லை.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா?
ஏரி இந்தப் பக்கம்.
வயல் அந்தப் பக்கம்.
தண்ணீருக்குப் பாஷை என்ன?
பள்ளம்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா?
எனக்குத் தெரியாது.
தெரியாது என்று சொல்லவே
இத்தனை தூரம் வந்தேன்.

கவிதை என்று நினைத்து எழுதவில்லை. ஆனால் கிழித்துப்போட மனம் வரவில்லை. மடித்து என் கீர்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்தேன். சித்தூருக்குத் திரும்பியதும் மறந்தும் போனேன். குழந்தை மறக்கவில்லை. சோறு ஊட்டும்போது அது வாயைத் திறக்காவிட்டால் நான், "பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா?" என்பேன். "கேக்குது!" என்று வாய் திறக்கும். உடனே உருண்டையை வைத்துவிடுவேன். மாமியார் வீட்டார் வந்திருந்தபோது இதைப் பார்த்து, "பொண்ணு துன்ன மாட்டன்னு சொன்னியே, நல்லாத்தான் துன்னுது" என்றார்கள். ஒரு மெம்பரின் மைக்கால் என் குழந்தையின் உடம்பு கொஞ்சம் தேறியது.

அறுப்புப் பண்டிகை வந்தது. அன்று சபையார் அவரவர் நிலத்தில், தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். நெற்கதிர், கரும்பு, வேர்க்கடலை, பூசணி, கோழி. ஆராதனை முடிந்து அவற்றை வெளியே ஏலம் விடுவார்கள். எங்கள் சபையில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. பாட்டு எழுதத் தெரிந்தவர்கள் புதிதாக ஒரு கீர்த்தனை எழுதி, பண்டிகைக்கு முந்தின வாரம் ஆலயத்து வாசலிலிருக்கும் மூங்கில் கூடையில் போடலாம். பெயர் எழுதக்கூடாது. "பெயரை எழுதினால் அது ஆண்டவருக்குக் காணிக்கை இல்லை, உனக்கே காணிக்கை" என்பார் எங்கள் போதகர். யார் எழுதியது என்று யாரும் கேட்க மாட்டார்கள், எழுதியவர் சொல்லவும் மாட்டார். வந்ததில் ஒன்றைப் பாட்டு வாத்தியார் தேர்ந்தெடுத்து ராகம் போட்டுப் பாடகர் குழுவுக்குச் சொல்லிக் கொடுப்பார்.

அந்த மாதம் எங்கள் வீட்டில் வேறு ஒரு கவலை. என் கணவரின் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. பண்டிகை முடிந்த வாரம் கமிட்டி கூடும். பள்ளியின் கரஸ்பாண்டெண்ட் ஐயா நல்லவர், ஆனால் கண்டிப்பானவர். ஆலய காரியத்தில் அரசியல் கலந்தால் அவருக்குப் பிடிக்காது. முந்தின வருஷம் ஒரு டிராயிங் மாஸ்டர் கட்சிக் கூட்டத்தில் மேடையேறியதற்காக வேறு ஊருக்கு மாற்றப்பட்டிருந்தார். வேலை நிரந்தரமாகாவிட்டால் நாங்கள் மிஷன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் மனத்துக்குள் ஏற்கனவே பாத்திரங்களைச் சாக்கில் கட்டி ஆகிவிட்டது.

பண்டிகையன்று எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். குழந்தைக்குப் புதுச் சட்டை. காணிக்கையாக எங்கள் கொல்லைப் பூசணிக்காய். கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவது வழக்கம். குழந்தை அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போக வசதி. அங்கிருந்து பிரசங்கம் ஒரு சொல்கூடக் கேட்காது. நானும் அங்கேதான் இருந்தேன். முதல் வரிசையில் கரஸ்பாண்டெண்ட் ஐயாவும் அவர் மனைவியும். அவர்களுக்குப் பக்கத்தில், ஏலத்தைத் தொடங்கி வைக்க அழைக்கப்பட்ட விருந்தாளியாக, வெள்ளைத் துண்டோடு மெம்பர்.

அவரைப் பார்த்ததும் சந்தோஷமாகக்கூட இருந்தது. எங்கள் ஊருக்கு வந்தவராயிற்றே என்று பக்கத்தில் இருந்தவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

பாட்டு வாத்தியார் எழுந்து, "இந்த வருஷத்துப் புதுக் கீர்த்தனை" என்றார். ஆர்மோனியம் சுருதி எடுத்தது. பாடகர்கள் பல்லவியைத் தொடங்கினார்கள்.

*பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா?*

கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். தாள் இல்லை. ஆண்கள் பக்கம் பார்த்தேன். என் கணவர் அங்கிருந்து என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், வெட்கத்தோடு ஒரு புன்னகை செய்தார். அந்தப் புன்னகையில் எல்லாம் புரிந்தது. தாளை அவர் பார்த்திருக்கிறார். நான் எழுதிவிட்டு வெளியே சொல்லக் கூச்சப்படுகிறேன் என்று நினைத்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் கூடையில் போட்டுவிட்டார். எனக்கு அவர் செய்த பெரிய மரியாதை அது. அவர் வேலைக்கு நான் வைத்த கொள்ளியும் அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

பாட்டு வாத்தியார் கெட்டிக்காரர். பல்லவியைப் பெண்கள் மெதுவாகத் தொடங்க, ஆண்கள் வாங்கிப் பாட, மறுபடி எல்லோருமாக உயர்த்தினார்கள். இரண்டாவது முறை அந்தக் கேள்வி மேலே போய் நின்றபோது, என் மடியிலிருந்த குழந்தை தன் வேலையைச் செய்தது. பலம் கொண்ட மட்டும் கத்தியது.

"கேக்குது!"

ஆலயம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. வாயைத் திறந்து உருண்டைக்காகக் காத்துக்கொண்டிருந்தது குழந்தை.

மெம்பரும் திரும்பினார். அப்போதுதான் நான் முதலில் சொன்ன அந்தச் சிரிப்பு. பல் தெரியாத சிரிப்பு. குழந்தையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அல்லது எனக்குப் பின்னால் இருந்த வாசலைப் பார்த்தாரோ என்னவோ. கரஸ்பாண்டெண்ட் ஐயாவின் கழுத்துப் பின்புறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நான் மீதிப் பாட்டு முழுவதையும் கழித்தேன். அந்தக் கழுத்து அசையவே இல்லை. "தெரியாது என்று சொல்லவே இத்தனை தூரம் வந்தேன்" என்று ஆண் குரல்கள் இறங்கி முடித்தபோது அவர் மனைவி கைக்குட்டையால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது.

போதகர் பிரசங்கத்தை அந்தப் பாட்டிலிருந்தே தொடங்கினார் என்று பிறகு சொன்னார்கள். கோடு என்பது இம்மைக்கும் மறுமைக்கும் நடுவிலுள்ளது என்றாராம். பள்ளம் என்பது தாழ்மை, தாழ்ந்த இடத்துக்குத்தான் கிருபை பாயும் என்றாராம். கடைசி வரிசைக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் என் பக்கத்தில் இருந்தவள், இரட்டைக் குழந்தைக்காரி, ஒன்றைத் தோளிலும் ஒன்றை மடியிலும் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "இத்தினி வருசமா கோயிலுக்கு வரேன்கா. நம்ம வரிசைய விசாரிச்ச பாட்டு இது ஒண்ணுதான்."

ஏலத்தில் மெம்பர் எங்கள் பூசணிக்காயையே எடுத்தார். அதையும் நான் ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டு பயந்தேன். போகும்போது எங்களிடம் வந்து குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "பாப்பாக்கு நல்லா கேக்குதா?" என்றார். "கேக்குது" என்றது குழந்தை. அவ்வளவுதான். யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள், இல்லையா? கத்திய குழந்தையிடம் வேறென்ன கேட்பது?

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் சொல்லிவிட்டேன்.

"என்னங்க, அது நான் எய்தினது இல்ல."

"தெரியும், ஆண்டவர் எய்தினது. நீ ஒரு கருவி." அவர் இன்னும் புன்னகையில் இருந்தார்.

"ஆண்டவரு இல்லங்க. மெம்பரு."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். எங்கள் ஊர்க் கூட்டம், மைக்செட், பரீட்சைத் தாள், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் கரஸ்பாண்டெண்ட்கிட்ட சொல்லிட்டேனே."

"இன்னான்னு?"

"ஏலத்துல நிக்கும்போது அவரு சொன்னாரு, இந்த மாதிரி பாட்டு கேட்டு ரொம்ப நாளாச்சுன்னு. எனக்கு வாய் நிக்கல. 'எழுதினது எங்க வீட்லதாங்க சார்'னு சொல்லிட்டேன்."

"பேரு சொல்லக் கூடாதே!"

"பேரு சொல்லல. 'எங்க வீட்ல'ன்னுதான் சொன்னேன்."

பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போய்ப் பார்த்தால் சிரிக்கிறார். "இம்மைக்கும் மறுமைக்கும் நடுவுல கோடு... அது எலெக்‌ஷன் பேச்சுடி!" என்று தரையில் சாய்ந்து சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. என்ன ஏது என்று தெரியாமல் குழந்தையும் சிரித்தது. சிரித்து முடித்ததும் பயம் திரும்பி வந்தது. உண்மையைச் சொன்னால், ஆராதனையில் அரசியல் பேச்சைப் பாட வைத்தவர் என்று ஆகும். சொல்லாவிட்டால், பொய் சொன்ன வாத்தியார் என்று ஆகும். கமிட்டி கூடும் வரை வாயைத் திறக்க வேண்டாம், கடிதம் வந்த அடுத்த நாளே போய்ச் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

கடிதம் வந்தது. வேலை நிரந்தரம். அடியில் கரஸ்பாண்டெண்ட் ஐயா தன் கையாலேயே ஒரு வரி எழுதியிருந்தார்: "உமது இல்லத்திலுள்ள தாலந்துக்காக ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறோம்." பாட்டு எழுதும் திறமையைத்தான் தாலந்து என்கிறார். அதைப் படித்த பிறகு எப்படிப் போய்ச் சொல்வது? அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டோம்.

இதற்கு நடுவில் அண்ணனுக்குத் திருப்பதியில் பஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. அண்ணிக்குப் பிரசவம் என்று குழந்தையோடு நான் அங்கே போயிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுச் சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன், தெருமுனைக் கூட்டத்தின் ஒலிபெருக்கியில் தெரிந்த குரல். மெம்பர்தான். தெலுங்கில் வழக்கம்போல மதகு திறந்திருந்தது. திடீரென்று, தமிழில் ஒரு பாட்டு இருக்கிறது, சித்தூரில் நம் செல்லெலு ஒருத்தி எழுதியது என்று சொல்லி, கோடும் மழையும் ஏரியும் என்று தெலுங்கில் விளக்க ஆரம்பித்தார். புளிக்கையோடு வாசலுக்கு ஓடினேன்.

செல்லெலு என்றால் தங்கச்சி. பெயர் எழுதாத பாட்டை ஒரு தங்கச்சிதான் எழுதினாள் என்று அவருக்கு யார் சொன்னது? கரஸ்பாண்டெண்ட் ஐயா சொல்லியிருக்கலாம். அல்லது எங்கள் அண்ணன் கொடுத்த தாள் அவர் பெட்டியில் இருந்திருக்கலாம். அவன் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். அல்லது எல்லாப் பெண்களையும் போல என்னையும் சும்மா தங்கச்சி என்றிருக்கலாம்.

இன்னொன்றையும் கவனித்தேன். தெலுங்கில் அந்த வரிகள் பாட்டாக வரவில்லை. மழை என்று ஒரு சொல்லில் விடாமல், கருமேகம், அமிர்தம், விவசாயியின் கண்ணீர் என்று அடுக்கிக்கொண்டே போனார். தெலுங்கின் மேல் குற்றமில்லை. எத்தனை அழகான பாஷை என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பாடக் கேட்டு எனக்குத் தெரியும். அவரிடம் அதில் சொற்கள் ஏராளமாக இருந்தன, அதுதான் சங்கதி. எங்கள் ஏரிக்கரையில் அவர் கையில் சில்லறையாக நாலு தமிழ் வார்த்தைதான் இருந்தது. உள்ளதை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குள்ளிருந்து அண்ணன் கேட்டான். "இன்னா, புளியக் கரைச்சிக்கினு தெருவுல நிக்கிற?"

"மெம்பரு பேசறாரு அண்ணே. கவிதை சொல்றாரு."

"அவரா? கவிதையா? அவருக்கு எவனோ எய்திக் குடுத்திருப்பான்."

உள்ளே போய் ரசத்தை இறக்கினேன். ரசத்தில் அன்று உப்பு இல்லை.

இப்போது கோடு போட்டாகிவிட்டது. எங்கள் கிராமம் எந்தப் பக்கம் என்று முடிவாகிவிட்டது. அன்று மதகைப் பற்றிக் கேட்ட பெரியவர் இப்போதும் வயலில் மடை திருப்பிக்கொண்டிருக்கிறாராம். குழந்தைக்கு ஐந்து வயது, பள்ளிக்கூடம் போகிறாள். கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கவலைப்பட்டேன். டீச்சர் கேட்டதற்கெல்லாம் முதலில் பதில் சொல்வது அவள்தான் என்கிறார்கள்.

முடிந்தது என்று நினைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா வீட்டுக்கு வந்தார். சபையின் புதுக் கீர்த்தனைகளை எல்லாம் திரட்டி ஒரு சிறு புத்தகம் அச்சிடப் போகிறார்களாம். வழக்கத்தை மாற்றி, எழுதியவர் பெயரையும் அடியில் போடப் போகிறார்களாம். "பெருமைக்காக இல்லையம்மா. பின்னால் வரும் பிள்ளைகள் யார் எழுதினதென்று தெரியாமல் திண்டாடக் கூடாது பாருங்கள்" என்றார். எங்கள் வீட்டில் எழுதியது என்று கரஸ்பாண்டெண்ட் ஐயா அவரிடம் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. மாதக் கடைசிக்குள் என் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். காபி குடித்துவிட்டு, "பள்ளம்! என்ன வார்த்தையம்மா அது" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

என் பெயரைப் போட்டால், அதில் ஒரு சொல்லும் என்னுடையதில்லை. மெம்பரின் பெயரைப் போட்டால், என் கணவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தை பொய்யாகும். நிரந்தரமான வேலையைப் பிடுங்க மாட்டார்கள் என்கிறார் அவர். ஆனால் கரஸ்பாண்டெண்ட் ஐயாவின் முகத்தில் அதற்குப் பிறகு எப்படி விழிப்பது என்று அவரும் தினமும் கண்ணாடியைப் பார்த்துக்கொள்கிறார். மெம்பரிடமே போய்க் கேட்டுவிடலாம் என்றால், அவருக்கு இதுவரை தெரியாமல் இருந்து, நாமே போய்ச் சொன்னதாகிவிடுமே. ஏற்கனவே தெரிந்திருந்தாலோ, இத்தனை நாள் பெரிய மனதோடு சும்மா இருந்தவரை நாம் போய் உலுக்கியதாகிவிடும். இதை எழுதும்போதுகூட ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று யோசிக்கிறேன். ஆனால் சித்தூரில் கணக்கு வாத்தியார்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் எங்கே மூச்சு வாங்கினார் என்று அந்தக் கூட்டத்தில் கவனித்தது நான் ஒருத்திதான். அதற்கு ஒரு பெயர் உண்டா? அப்படிக் கவனித்தவளுக்குப் பாட்டில் ஏதாவது பங்கு உண்டா?

இதை வாசிப்பவர்களில் பாட்டு எழுதத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். பள்ளிக் கமிட்டிகளில் இருப்பவர்களும் இருப்பீர்கள். மேடையில் பேசிப் பழகியவர்கள்கூட இருக்கலாம். அந்தப் பாட்டின் அடியில் எந்தப் பெயரைப் போடச் சொல்லட்டும்? மாதக் கடைசிக்குள் தயவுசெய்து ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். பத்திரிகை விலாசத்துக்கு அனுப்பினால் எனக்கு வந்து சேரும். முன்வரிசையில் இருப்பவர்கள் மட்டுமில்லை, பின்னால் இருப்பவர்களும் எழுதலாம்.